சொன்ன விலைக்கு

"உன் ரெண்டு கையும் கோட்டுப் பைக்குள்ளயே இருக்கட்டும். வாய் எதாவது உளறினாக்கூட நான் சமாளிச்சுக்குவேன். கை உளறினா ஒண்ணும் பண்ண முடியாது" என்றான் லாம்மெர்ட்.

ஹில்யா கைகளை இன்னும் ஆழமாகப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள். அவன் இதைச் சொல்வது மூன்றாவது முறை. வீட்டில் காபி குடிக்கும்போது ஒருமுறை, அவளுடைய குதிரை நோர்டாவை டிரெய்லரில் ஏற்றும்போது ஒருமுறை, இப்போது சந்தையில் அதைக் கட்டிய பிறகு ஒருமுறை. அண்ணன்மாருக்கு ஐம்பத்து நான்கு வயதுத் தங்கையும் ஆறு வயதுத் தங்கையும் ஒன்றுதான். அவள் இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள், பனியில் வழுக்கும் சாலையில் அறுபது பேரை வைத்துக்கொண்டு வளைவில் திருப்புகிறாள் என்பதெல்லாம் அவனிடம் எடுபடாது.

ஆனால் அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஸாய்ட்லாரன் சந்தையில் குதிரையை வாயால் விற்பதில்லை, கையால் விற்கிறார்கள். விற்கிறவன் உள்ளங்கையை விரித்து நீட்டுவான். வாங்குகிறவன் தன் விலையைக் கத்திக்கொண்டே அதில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவான். உடனே இவன் தன் விலையைச் சொல்லி அவன் கையில் திருப்பித் தட்டுவான். கோபித்துக்கொண்டு போவார்கள், பத்தடி போய்த் திரும்பி வருவார்கள், மறுபடி தட்டுவார்கள். ஒருவன் சொன்ன விலைக்கே மற்றவன் தட்டிவிட்டால் கதை முடிந்தது. கையெழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். தட்டிவிட்டுப் பிறகு மாட்டேன் என்றவன் அடுத்த வருடம் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

இந்த வருடம் தட்டுகிற சத்தமே குறைவாக இருந்தது. அக்டோபர் மூன்றாம் செவ்வாய், காலை எட்டு மணி, மரங்களுக்கு அடியில் நீளநீளமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றில் பாதிக்குமேல் காலி. வந்திருந்த குதிரைகளுக்கு முன்னால் வியாபாரிகள் சாம்பல் நிற மேலங்கியும் கைத்தடியுமாக நின்று, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகிற வருகிறவர்களோ புகையில் வாட்டிய விலாங்கு மீனைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குதிரையின் மூக்கைத் தடவிவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூக்கைத் தடவ யாரும் காசு வாங்குவதில்லையே. கூட்டத்துக்குக் குறைவில்லை, வாங்குகிறவன்தான் இல்லை.

வாங்குவதற்கு யாருக்குப் பைத்தியம்? குதிரை வாங்குவது பெரிய விஷயமில்லை, அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அதை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். போன வருடத்து வைக்கோல் விலை இந்த வருடம் இல்லை. ஏழு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வருவார், வரும்போதெல்லாம் பெட்ரோல் ஏறிவிட்டது என்பார். கால்நடை மருத்துவர் வாசலில் காரை நிறுத்தினாலே ஒரு தொகை. இதையெல்லாம் ஹில்யா பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். கூடுதல் ஓட்டம் ஓட்டினாள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டினாள். கடைசியில் தலையில் கல்லைப் போட்டது லாயத்துச் சொந்தக்காரி. பன்னிரண்டு அறையில் ஏழு காலி, இருக்கிற ஐந்தை வைத்துக்கொண்டு மின்சாரமும் காப்பீடும் கட்டி மாளவில்லை, லாயத்தை மூடுகிறேன், மாதக் கடைசிக்குள் குதிரையைக் கொண்டுபோய்விடுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே கடிதம். அடுத்த ஊரில் இடம் இருந்தது. வாடகையைக் கேட்டபோது, தன்னுடைய வீட்டு வாடகையைச் சொல்கிறார்களோ என்று நினைத்தாள்.

நான்கு மாதமாக இணையத்தில் விளம்பரம் போட்டுப் பார்த்துவிட்டாள். முதலில் மூவாயிரத்து ஐநூறு யூரோ, பிறகு இரண்டாயிரத்து எண்ணூறு, பிறகு ஆயிரத்துத் தொள்ளாயிரம். பழைய மோட்டார் படகுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று ஒருவன் கேட்டான். ஒரு பெண் நேரில் வந்தாள். நோர்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், மூன்று சனிக்கிழமை வந்து இலவசமாகச் சவாரி செய்தாள், நான்காவது வாரம் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார் என்று செய்தி அனுப்பினாள். மகள் மாரித்துக்காக வாங்கிய குதிரை அது. மாரித் உட்ரெக்ட்டுக்குப் படிக்கப் போய் ஆறு வருடம் ஆகிறது. ஆறு வருடமாக அது ஹில்யாவின் குதிரைதான், மகளின் பெயரைச் சும்மா ஒரு சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நோர்டாவுக்கு வயது பதினேழு. செவலை, நெற்றியில் வெள்ளை, எலும்பு பெருத்த க்ரோனிங்கன் ஜாதி. குளிர் அதிகமானால் பின்னங்கால் ஒன்று கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். மற்றபடி தங்கம். பதினேழு வயதுக் குதிரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் அது யார் கைக்குப் போகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் போல இருந்தது ஹில்யா மட்டும்தான். நல்ல மனிதர் யாராவது வருவார், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடாக இருக்கும் என்று அவள் ராத்திரியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்தது ஹார்ம்.

ஹார்ம் பெரிய வியாபாரி. அறுபதைத் தாண்டியவன், பீப்பாய் மாதிரி உடம்பு, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. அவனுடைய லாரி தெற்கே நான்கு எல்லை தாண்டிப் போகிறது என்றும், போகும்போது குதிரையாகப் போவது வரும்போது வேறு வடிவத்தில் வரும் என்றும் லாயத்துப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவன் வருவதைப் பார்த்ததும் ஹில்யா நோர்டாவை ஒட்டி ஓரடி நகர்ந்து நின்றாள்.

"வாங்க ஹார்ம்! நல்ல சரக்கு காத்துக்கிட்டிருக்கு" என்றான் லாம்மெர்ட்.

"சரக்கெல்லாம் எல்லாருக்கிட்டயும் இருக்குய்யா. எனக்கே பதினாலு நிக்குது அந்தப் பக்கம். காலையிலேர்ந்து ஒரு நாய்கூட விலை கேக்கல." ஹார்ம் குதிரையைப் பார்க்கவே இல்லை. "பாஸ்போர்ட்டக் குடு."

லாம்மெர்ட் குதிரையின் பாஸ்போர்ட்டை, குதிரைக்குக் குதிரை இருக்க வேண்டிய அந்தச் சின்னப் புத்தகத்தை, கொடுத்தான். ஹார்ம் அதன் வயதைப் பார்க்கவில்லை, ஜாதியைப் பார்க்கவில்லை, தடுப்பூசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை எச்சில் தொட்டு நேராகப் புத்தகத்தின் பின்பக்கத்துக்குப் போனான். ஹில்யாவுக்கு அது எந்தப் பக்கம் என்று தெரியும். இந்தக் குதிரையை இறைச்சிக்கு அறுக்கக் கூடாது என்று சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய பக்கம். ஒருமுறை போட்டுவிட்டால் போட்டதுதான், பிறகு யார் வாங்கினாலும் அதை அழிக்க முடியாது. அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.

அதற்குக் காரணம் லாம்மெர்ட்தான். போன வாரம் ஹில்யா பேனாவை எடுத்து உட்கார்ந்தபோது, "அறிவிருக்கா உனக்கு? அதுல கையெழுத்துப் போட்டா சந்தையில முந்நூறு யூரோ போச்சு. விக்கிறதுக்கு முன்னாடி யாராவது போடுவாங்களா? வாங்குறவன் நல்லவனா இருந்தா அவனே போட்டுக்குவான்" என்றான். அவளும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். முந்நூறு யூரோவுக்காக. குதிரைக்காரர்கள் எல்லோரும் செய்கிற புத்திசாலித்தனம்தான் அது.

ஹார்ம் அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்தான், பாஸ்போர்ட்டை மூடினான், முதல்முறையாகக் குதிரையை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைப் பார்த்த பிறகு ஹில்யாவுக்கு நிம்மதி போயிற்று.

"என்ன வயசு?"

"பதினேழு. பல்லப் பாருங்க, பன்னெண்டு மாதிரி இருக்கும்."

"என் பல்லும்தான் பன்னெண்டு மாதிரி இருக்கு. போன வருஷம் கட்டினது." ஹார்ம் நோர்டாவின் பின்னங்காலைத் தடவினான். "நடக்க விடு."

லாம்மெர்ட் நடத்திக் காட்டினான். நோர்டா பாவம், யாரோ சவாரிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கழுத்தை வளைத்து அழகாக நடந்தது. குதிரைக்கு மட்டும் கொஞ்சம் தந்திரம் தெரிந்திருந்தால் அப்போது நொண்டிக் காட்டியிருக்கும்.

"எவ்வளவு சொல்ற?"

"ஆயிரத்து நானூறு." லாம்மெர்ட் கையை நீட்டினான்.

"அறுநூறு!" படார் என்று ஒரு தட்டு.

"அறுநூறா? சேணமே அறுநூறு வரும்யா! ஆயிரத்து முந்நூறு!" படார்.

"சேணத்த நீயே வச்சுக்க. சேணம் திங்காது. எழுநூறு!" படார்.

சத்தம் கேட்டுக் கூட்டம் சேர்ந்துவிட்டது. காலையிலிருந்து நடக்கிற முதல் தட்டல் இதுதான் போலிருந்தது. விலாங்கு மீனைத் தின்றுகொண்டிருந்தவர்கள் மென்றபடியே வட்டமாக நின்றார்கள். ஒரு கிழவர் மரக்காலணியோடு முன்வரிசையில் இடம் பிடித்தார். ஹார்ம் கோபித்துக்கொண்டு போனான், கூட்டம் வழிவிட்டது, பத்தடி போனான், திரும்பி வந்தான். எழுநூற்று ஐம்பது. லாம்மெர்ட் வானத்தைப் பார்த்து, என் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி கிடக்கட்டும் என்றான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆயிரத்து நூறு. படார். எண்ணூறு. படார். இரண்டு பேர் உள்ளங்கைகளும் சிவந்துவிட்டன.

ஹில்யா பைக்குள் விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கைகளுக்கு நடுவில் மூன்றாவது ஆள் புகக் கூடாது என்பது இந்தச் சந்தையில் குழந்தைக்கும் தெரியும். தவிர, நிறுத்தி என்ன செய்வது? மாதக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள். வேறு ஆள் இல்லை, வேறு இடம் இல்லை. அந்த அடுத்த ஊர் லாயத்துக்குப் பணம் கட்டினால் இரண்டு மாதம் தாங்கும், மூன்றாவது மாதம் இதே ஹார்மிடம் இதைவிடக் குறைந்த விலைக்கு வந்து நிற்க வேண்டும். அவள் புத்தி அதையெல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"எண்ணூத்தி அம்பது. இதுக்கு மேல ஒரு சென்ட் கிடையாது."

"ஆயிரம்" என்றான் லாம்மெர்ட். கை நீட்டியபடியே நின்றது. "ஆயிரத்துக்குக் கீழ இறங்குனா என் தங்கச்சி மூஞ்சில முழிக்க முடியாது. ஆயிரம், கடைசி."

ஹார்ம் யோசித்தான். குதிரையைப் பார்த்தான். பார்த்த பார்வை காலிலிருந்து முதுகுக்கும் முதுகிலிருந்து தொடைக்கும் போயிற்று. கிலோ கணக்குப் போடுகிறான் என்று ஹில்யாவுக்குத் தோன்றியது. நோர்டா அவன் பை எங்கே என்று மூக்கால் துழாவியது. பை வைத்திருக்கிறவர்கள் எல்லோரிடமும் காரட் இருக்கும் என்பது அதன் நம்பிக்கை.

"ஆயிரமா?" என்றான் ஹார்ம்.

"ஆயிரம்."

"சரி, ஒழி" என்று ஹார்ம் கையை ஓங்கினான்.

படார் என்று தட்டியது அவன் கை இல்லை.

லாம்மெர்ட்டின் விரித்த உள்ளங்கையில் ஹில்யாவின் கை கிடந்தது. ஹார்மின் கை காற்றில் நின்றது. ஹில்யாவே தன் கையை யாருடையதோ போலப் பார்த்தாள். பிறகு, அவளுக்கே தெரியாமல், சந்தைக்காரி மாதிரி ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது.

"ஆயிரம்! எடுத்துக்கிட்டேன்!"

"ஏய்!" என்றான் லாம்மெர்ட்.

"யாருய்யா இந்தப் பொம்பள?" என்றான் ஹார்ம்.

"என் தங்கச்சி."

"குதிரை யாரோடது?"

லாம்மெர்ட் நீட்டிய கையை மெல்ல மடக்கினான். "அவளோடதுதான்."

"அவ குதிரைய அவளே வாங்குறாளா?"

அப்போதுதான் கூட்டத்துக்கு விஷயம் புரிந்தது. முதலில் மரக்காலணிக் கிழவர் சிரித்தார், பிறகு எல்லோரும். பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்ல, சிரிப்பு அலையாகப் பின்னால் போயிற்று. "ஏம்மா, கொஞ்சம் பேரம் பேசியிருக்கலாமே! சொந்தக்காரிக்குச் சல்லிசாக் குடுத்திருப்பானே!" என்று யாரோ கத்தினார்கள்.

ஹார்ம் சிரிக்கவில்லை. அவன் காது சிவந்துவிட்டது. "நாப்பது வருஷமா இந்தச் சந்தைக்கு வரேன். என் கைக்கு நடுவுல எவனும் கைய விட்டதில்ல. என் கை எறங்கிக்கிட்டிருந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க. குதிரை என்னோடது."

அவன் சொல்வது ஒருவகையில் சரி. அவள் செய்தது மரியாதையில்லாத காரியம். ஆனாலும் தலைக்கயிற்றை இடது கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். இனி அவளையும் சேர்த்துத்தான் லாரியில் ஏற்ற வேண்டும்.

எல்லோரும் மரக்காலணிக் கிழவரைப் பார்த்தார்கள். அவர் யாரென்று ஹில்யாவுக்குத் தெரியாது, ஆனால் கூட்டத்தில் எல்லோரையும்விட வயதானவர், அது போதும். கிழவர் வாயிலிருந்த மீன் முள்ளை நிதானமாக எடுத்தார்.

"ஹார்ம், உன் கை எங்க இருந்துச்சு?"

"எறங்கிக்கிட்டிருந்துச்சு."

"எறங்கிக்கிட்டிருந்துச்சு. தட்டுச்சா?"

ஹார்ம் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"ஓங்கினதெல்லாம் சேத்தியில்லப்பா. தட்டினாத்தான் சேத்தி. இந்தம்மா கையவிட்டது தப்பு, அதுக்கு உனக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் குடுக்கணும். எனக்கும் வாங்கிக் குடுக்கலாம், வேணாங்க மாட்டேன். ஆனா தட்டு அவளோடது. சொன்ன விலைக்குத் தட்டியிருக்கா. குதிரை அவளோடது."

"அது முன்னாடியே அவளோடதுதானேய்யா!" என்றான் ஹார்ம்.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு" என்றார் கிழவர்.

வாங்கியவர் சுற்றி நின்றவர்களுக்கு ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். ஹில்யா கூடாரக் கடையில் ஹார்முக்கும் கிழவருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் ஜெனிவர் சாராயம் வாங்கிக் கொடுத்தாள். தனக்கும் லாம்மெர்ட்டுக்கும் பட்டாணி சூப் வாங்கினாள். ஹார்ம் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நன்றியும் சொல்லாமல், திட்டவும் திட்டாமல் போய்விட்டான். நோர்டாவைக் கூடாரத்துக்கு வெளியே கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஹில்யா அதைப் பார்த்தபடியே சூப்பைக் குடித்தாள். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது, சந்தோஷத்துக்கு இன்னும் தெம்பு வரவில்லை. தப்பித்தோம், அவ்வளவுதான். நான்கு மாதத்தில் சூப் சூடாக இருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தாள்.

"பத்து சதவீதம்" என்றான் லாம்மெர்ட்.

"என்ன?"

"தரகு. வித்தவகிட்ட பத்து, வாங்கினவகிட்ட பத்து. ரெண்டும் நீதான். எரநூறு யூரோ எடு." சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினான். "ஹில்யா, இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. எங்க வைக்கப் போற? என் ஆட்டுக் கொட்டில்ல அது தலையே நுழையாது."

"தெரியல."

"தெரியலயா?"

"தெரியல லாம்மெர்ட். அந்த லாரியில ஏறாதுங்கிறது மட்டும் தெரியும். மத்தது நாளைக்கு."

சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னாள். சூப் தீரத் தீரத் தைரியமும் தீர்ந்துகொண்டு வந்தது. நாளைக்கு என்ன, நாளைக்கும் அதே வாடகைதான், அதே வைக்கோல் விலைதான். அழுகை வரும் போலிருந்தது. அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். எழுபது வயதிருக்கும், ஒல்லி, சேறு படிந்த ரப்பர் பூட்ஸ்.

"நீங்கதானே உங்க குதிரைய நீங்களே வாங்கினது?"

"ஆமாங்க. சிரிச்சுக்குங்க."

"சிரிச்சு முடிச்சிட்டேன். உக்காரலாமா? என் பேரு அன்னெகீன். ஆனன் ஊருக்குப் போற ரோட்டுல வீடு. எங்கிட்ட ஒரு குதிரை இருக்கு, வெள்ளை, இருபத்தாறு வயசு."

ஹில்யா நிமிர்ந்தாள். "வேலிக்குப் பக்கத்துல ஓடுமே, அதுவா? பேருந்து கூடவே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வழியில வண்டி ஓட்டுறவ நான்தான். ஆகஸ்ட்லேர்ந்து ஓடுது. முன்னாடி ஓடாது, ரெண்டா நின்னு மேஞ்சுக்கிட்டிருக்கும்."

அன்னெகீன் தலையைக் குனிந்துகொண்டார். ஆகஸ்டில்தான் மற்றது செத்துப்போயிற்று. இருபது வருடம் கூடவே இருந்தது. தனியாகக் குதிரையால் இருக்க முடியாது, நாள் முழுக்க வேலியோரம் ஓடும், ராத்திரி கூப்பிடும், அக்கம்பக்கத்தில் தூங்க முடியவில்லை என்று ஆள் மாற்றி ஆள் வந்து சொல்கிறார்கள். துணைக்கு ஒன்று வாங்கலாம் என்றுதான் காலையிலிருந்து சந்தையைச் சுற்றுகிறார், நான்கு இடத்தில் விலையும் விசாரித்துவிட்டார், கையை மட்டும் நீட்டவில்லை.

"இன்னைக்கு விலையெல்லாம் மலிவுதானேங்க" என்றான் லாம்மெர்ட்.

"விலை மலிவுதான்யா. எனக்கு எழுவத்தோரு வயசு. இப்ப துணைக்கு ஒண்ணு வாங்குனா, இது செத்ததும் அது தனியா நிக்கும். அதுக்குத் துணைக்கு இன்னொண்ணு வாங்கணும். அப்புறம் இதுக்கும் அதுக்கும் முன்னாடி நான்தான் போயிடுவேன். எனக்குக் குதிரை வேண்டாம். எனக்கு வேண்டியது அடுத்தவங்க குதிரை."

ஹில்யாவுக்குக் கரண்டி சூப்பிலேயே நின்றுவிட்டது.

"மூணு ஏக்கருக்குப் புல் சும்மா கிடக்கு. கொட்டகை இருக்கு, ரெண்டு அறை. வாடகைன்னு எதுவும் வேண்டாம். லாடமும் டாக்டரும் உங்க செலவு, குளிர்காலத்து வைக்கோல் பாதிப் பாதி. சனி ஞாயிறு சாணி அள்ள நீங்க வரணும், என் முதுகு இப்ப குனிய மாட்டேங்குது. என்னோடது போனதும் என்ன பண்றதுன்னு அப்ப யோசிச்சுக்கலாம். அது போறதா இல்ல, நல்லாத் திங்குது."

"என்னை உங்களுக்குத் தெரியாதே" என்றாள் ஹில்யா.

"ஹார்ம் கைக்கு நடுவுல கைய விட்டத நான் பாத்தேனே. எனக்கு வேற என்ன தெரியணும்?"

ஹில்யா அழுதேவிட்டாள். சத்தமாக, கூடாரத்தில் எல்லோர் முன்னாலும், மூக்கைச் சிந்திக்கொண்டு. அன்னெகீன் வேறு பக்கம் பார்த்தார். லாம்மெர்ட்டுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவளுடைய சூப்பை எடுத்துக் குடித்தான். பிறகு ஹில்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். அன்னெகீன் தட்டினார். மெதுவான தட்டு, கூட்டம் எதுவும் சேரவில்லை.

வெளியே போகிற வழியில் சந்தைக் கால்நடை மருத்துவர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஹில்யா அவரிடம் பேனாவைக் கேட்டாள். பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தைத் திறந்து, கட்டத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

"முந்நூறு யூரோ" என்று முனகினான் லாம்மெர்ட்.

"போகட்டும்" என்றாள். இவ்வளவு சுகமாக அவள் எந்தப் பணத்தையும் இழந்ததில்லை.

டிரெய்லரில் நோர்டாவை ஏற்றிவிட்டு வைக்கோல் வலையை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. ஹார்ம் தன் குதிரைகளை இரண்டிரண்டாகக் கட்டி ஓட்டிக்கொண்டு லாரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஹில்யாவைப் பார்த்ததும் நின்றான்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க" என்றான். "நீ என்ன நெனச்சேன்னு எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டோட பின்பக்கத்த யாரு வாங்கினாலும் பாப்பாங்க. பாக்காம வாங்குறவன் முட்டாள். கூவோர்டன் பக்கத்துல ஒரு வீடு, பதினோரு வயசுப் பொண்ணு, சாதுவான குதிரையா வேணும்னு ரெண்டு மாசமா கேக்குறாங்க. அதுக்குத்தான் உன்னோடதப் பாத்தேன்."

ஹில்யா அவன் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருடம் குதிரை விற்ற முகம், அதில் எதையும் படிக்க முடியவில்லை. "நிஜமாவா?"

"நிஜமா இருந்தா திருப்பித் தந்துடுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்குற?"

நிஜமாகவே இருந்தால் அந்தப் பெண் பாவம்தான் என்று தோன்றியது. பொய்யாக இருந்தால், நினைத்துப் பார்க்கவே வேண்டாம். இரண்டில் எது என்று இனி ஒருபோதும் தெரியப் போவதில்லை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

"எத்தன வித்தீங்க?" என்று கேட்டாள்.

ஹார்ம் பின்னால் வருகிற குதிரைகளைத் தலையால் காட்டினான். "பதினாலு கொண்டாந்தேன். பதினாலும் வருது. அந்தப் பக்கம் வெளியூர்லேர்ந்து வந்தவனும் அப்படித்தான் ஏத்திக்கிட்டிருக்கான்." லாரிப் பக்கம் திரும்பினவன் மறுபடி நின்றான். காது இப்போது சிவப்பாக இல்லை. "எல்லாரையும் விசாரிச்சுட்டேம்மா. இன்னைக்கு இந்தச் சந்தையிலயே சொன்ன விலைக்குக் குதிரை வாங்கின ஒரே ஆளு நீதான். உன்ன மாதிரி இன்னும் பத்துப் பேரு இருந்தா நாங்க பொழைச்சுக்குவோம். அடுத்த வருஷமும் வா."

"வரமாட்டேன்" என்றாள் ஹில்யா.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே உறைத்தது. டிரெய்லரின் கதவைத் தூக்கிச் சாத்தி, இரண்டு பக்கத் தாழ்ப்பாளையும் போட்டாள்.